விமானப் பிரயாணத்தில் வைத்திய அவசர நிலை

வர்த்தக விமானம் வானில் பறந்துகொண்டிருக்கையில் பிரயாணி ஒருவருக்குத் திடீரென நேரும் நோயையோ காயத்தையோ, அதற்காக விமானப் பணியாளரும் விமானியும் தரையிலுள்ள வைத்தியரும் ஒருங்கே செய்யும் ஏற்பாடுகளையோ இத்தொடர் குறிக்கும். மதுரையிலிருந்து 2012இல் கொழும்புக்கும், பின்னர் துபாய்க்கும் விமானங்கள் செல்லத் தொடங்கியபின், பழனிசெட்டிபட்டி முதலாகக் கூடலூர் ஈறாக உள்ள தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து, அயல்நாட்டில் தொழில் செய்யும் மக்களைக் காணப் புறப்படும் முதியோருக்கும் இது நெருங்கிய விஷயமாயிற்று.

காரணங்கள்: விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளறையின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலையிலுள்ள அளவிலேயே காக்கப்படுகிறது. கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 7,000 அடி. ஆதலின் தேனிச் சமவெளியில் வாழும் ஒருவர் அரை மணிக்குள் கொடைக்கானலின் காற்றையோ, அதனினும் மெலிந்த காற்றையோ சுவாசிக்க நேர்கிறது. ஆரோக்கியமுள்ளவர் உணராத இப்பிராணவாயுக் குறைவு, இருதய நோயும் சுவாசகோச நோயும் கடும் இரத்தசோகையும் உள்ளவரை வருத்தும். அழுத்தம் குறையும்போது உடலினுள் அடைபட்ட வாயு மூன்றிலொரு பங்கு வரை விரிவதால், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அபாயம் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்திருப்பதால் காலின் நாளங்களில் இரத்தம் உறைதலும் நேரலாம்.

நிகழும் அளவு: ஐந்து விமான நிறுவனங்களிலிருந்து 2008க்கும் 2010க்கும் இடையில் தரைவைத்திய நிலையம் ஒன்றுக்கு வந்த 11,920 அழைப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 604 பறப்புகளுக்கு ஒன்றில் இத்தகைய நிலை தோன்றியது. மயக்கமும் மயக்கம் வருவது போன்ற நிலையும் 37.4 சதவீதமும், சுவாசத் தொல்லை 12.1 சதவீதமும், குமட்டலும் வாந்தியும் 9.5 சதவீதமும் ஆகும். விமானம் வழிமாறி இறங்கியது 7.3 சதவீதத்திலேயே, மரணம் 0.3 சதவீதத்தில் நிகழ்ந்தது.

செயல்முறை: முதலுதவிப் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைக் கவனித்து, விமானிக்குத் தெரிவித்து, பிரயாணிகளுள் வைத்தியர் உளரோ என ஒலிபெருக்கியில் வினவுவர்; பல நிறுவனங்கள் தரையிலுள்ள வைத்தியருடன் வானொலியிலோ செயற்கைக்கோள் தொலைபேசியிலோ கலந்தாலோசிக்கும். அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவதா என்பதை வானிலை, ஓடுபாதை, எரிபொருளின் எடை, அவ்வூர் மருத்துவமனையின் தகுதி ஆகியவற்றை எண்ணித் தீர்மானிக்கும் அதிகாரம் விமானிக்கே உரியது. நூறு பேருக்கு மேற்பட்டோரை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானங்கள் முதலுதவிப் பெட்டியுடன் வைத்தியருக்கான மருந்துப் பெட்டியையும் வைத்திருக்கவேண்டுமெனச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகள் பரிந்துரைக்கின்றன. துடிப்பு தவறிய இருதயத்துக்கு மின்னதிர்ச்சி அளிக்கும் ஏ.இ.டி. கருவியை 1991இல் குவாண்டாஸ் நிறுவனம் தன் விமானங்களில் வைத்தது.

குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள்: 1995 மே மாதம் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில், விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தும் ஏறிவிட்ட பெண்ணொருவரின் நெஞ்சறையில் காற்றுப் புகுந்து உயிருக்கு ஆபத்து விளைந்தபோது, உடன் பயணம் செய்த பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ் சட்டை மாட்டும் கம்பி, சிறுநீர் வடிகுழாய், தண்ணீர்ப் போத்தல், கிருமிநாசினியாகப் பிராந்தி ஆகியவற்றைக் கொண்டே சிகிச்சை செய்து காப்பாற்றினார். 2022 ஜூலையில் டில்லியிலிருந்து ஹைதராபாத் சென்ற விமானத்தில், அப்போது தெலங்கானா ஆளுநராயிருந்த மகப்பேற்று வைத்தியர் தமிழிசை சௌந்தரராஜன் சகபிரயாணிக்கு முதலுதவி செய்தார். 2023 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து டில்லி சென்ற விமானத்தில், இருதய சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்த குழந்தையின் மூச்சும் நாடியும் நின்றபோது, எய்ம்ஸ் மருத்துவமனை வைத்தியர் ஐவர் இருதயத் துடிப்பை மீட்டனர்; விமானம் வழிமாறி நாகபுரியில் இறங்கியது. எனினும் சில நாட்களுக்குப்பின் மருத்துவமனையில் குழந்தை இறந்தது.

சட்டம்: விமானத்தில் உதவும் வைத்தியரை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், பெருங்கவனக் குறைவு இல்லாதவரை, பொறுப்பினின்று விடுவிக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் தரும் பாதுகாப்போ சாலை விபத்தில் உதவுவோருக்கே உரியது. வானில் கைகொடுப்போருக்கும் அத்துணைத் தெளிவான பாதுகாப்பு அளிப்பது நியாயமாகும்.

முன்னெச்சரிக்கை: வானில் கிட்டும் மருந்தும் இடமும் சொற்பமாதலின், உயிரைக் காக்கும் காரியத்தில் பெரும்பகுதி தரையிலேயே முடிந்திருக்கவேண்டும். நாட்பட்ட நோயுள்ளவரும், அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றவரும், கர்ப்பிணிகளும் தம் வைத்தியரையோ, பள்ளத்தாக்கு மக்களுக்குச் சமீபமான க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகித் தகுதிச் சான்று பெற்று, பிராணவாயு வேண்டுமெனில் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவிப்பது அவசியம். விடியுமுன் புறப்பட்டு மதுரை வரை பசியோடும் தாகத்தோடும் செல்வது மயக்கத்துக்கு ஏதுவாகும். மாத்திரையும் இன்சுலினும் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் அன்றிக் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். தனியே செல்லும் முதியோரிடம் நோயின் பெயரும் மருந்தின் அளவும் உறவினர் தொலைபேசி எண்ணும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு இருத்தலும், விமானத்தில் ஏறியதும் அதைப் பணியாளரிடம் காட்டுதலும், அவர்களை வழியனுப்பும் குடும்பத்தார் மறவாது செய்விக்கவேண்டிய கடமைகளாகும்.