ஜகன்மோகினி நடத்திய அம்மையார்

நம் சங்கத்தின் குடும்ப விவரப் புத்தகத்தைப் புரட்டிய அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருத்தல் கூடும். ஆடவர் பெயருக்கு நேரே வணிகம், வேளாண்மை, உத்தியோகம் என்று தொழில் குறிக்கப்பட்டிருக்கும். பெண்டிர் பெயருக்கு நேரே பெரும்பாலும் இல்லத்தரசி என்னும் ஒரே சொல் நிற்கும். விடியற்காலையில் இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக்குச் சென்று, காய் பொறுக்கித் தரம் பிரிப்பவர் யார், கூடைக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் யார் என்று பார்த்து வருபவர்க்கு அச்சொல்லின் உண்மை எத்துணையென விளங்கிவிடும். புத்தகத்தின் மறுபதிப்பு வருங்கால் இக்குறையை நீக்கல் வேண்டுமென்பது அடியேன் கருத்து. அதன்பொருட்டே தொழில் நடத்திய ஒரு பெண்மணியின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

அவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். நம் குலத்தவர் அல்லர். திருவல்லிக்கேணி வைணவ மரபினர். 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்து உறவினரால் வளர்க்கப்பெற்றார். 1907-இல், ஐந்தரை வயதில், வை. மு. பார்த்தசாரதி என்பாருக்கு மணம் செய்விக்கப்பட்டார். கம்பராமாயணத்திற்கு உரை கண்ட வை. மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரின் பெயரைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். அவர் பெயர்க்கு முன்னுள்ள அவ்விரண்டு எழுத்துக்களே அம்மையார் பெயர்க்கு முன்னும் நிற்பன. உரையாசிரியர் குடியிற் புகுந்த மருமகள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்லர் என்பது நினைக்கத்தக்கது.

எனினும் அவருக்குக் கல்வியில்லை என்று சொல்லுதல் பிழையாம். பாசுரமும் புராணமும் இசையும் செவிவழியே நிரம்பிய வீட்டில் வளர்ந்தவர். வீட்டுப் பிள்ளைகளுக்கு நாடோறும் புதுப்புதுக் கதைகள் கட்டிச் சொல்வது அவருக்கு வழக்கம். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். அவற்றைக் கண்டு தாமும் ஒரு நாடகம் இயற்றக் கூடுமென்று துணிந்தார். எழுதும் பழக்கம் இன்மையால், தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுதச் செய்தார். அங்ஙனம் பிறந்த ‘இந்திர மோகனா’ 1924-இல் அச்சாயிற்று. பின்னர்த் தாமே எழுதப் பழகிக்கொண்டார். பட்டம்மாள் அன்று ஏடெடுத்து உட்கார்ந்திராவிடின், இச்சரித்திரமே இல்லை. எழுத்தறிவுடைய ஒரு பெண் மற்றொருத்திக்குச் செய்யும் உதவி எத்துணைத் தூரம் செல்லும் என்பதை யார் முன்னரே அளந்து சொல்ல வல்லார்?

அடுத்த ஆண்டு அவர் செய்த காரியமே நமக்கு முதன்மையானது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் அக்காலத்தில் துப்பறியும் நாவல்களாற் பெரும்புகழ் பெற்றிருந்தவர். அவர் துணையுடன், தளர்ந்து கிடந்த ‘ஜகன்மோகினி’ என்னும் பத்திரிகையை 1925-இல் அம்மையார் விலைக்கு வாங்கினார். பெண்களுக்கான பத்திரிகைகள் அதற்கு முன்னரும் தமிழிற் பல உண்டு. 1905-இல் தோன்றிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியாரே ஆசிரியராக இருந்தார். ஆயின் அவற்றுட் பெரும்பாலன பெண்களின் பொருட்டு ஆடவர் நடத்தியவை. இங்கோ ஒரு குடும்பப்பெண் தாமே விலைகொடுத்து வாங்கி, தாமே எழுதி, தாமே வெளியிட்டார். ‘வைதேகி’ முதலாக அவர்தம் நாவல்கள் அதில் தொடர்ந்து வந்தன. காலப்போக்கிற் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது.

மாதப் பத்திரிகை நடத்துதல் கதை எழுதுதல் போன்றது அன்று. சந்தாதாரர் பட்டியல், தபால் செலவு, காகித விலை, அச்சுக்கோப்போர் கூலி ஆகிய யாவும் மாதந்தோறும் தவறாது வந்து நிற்கும். கற்பனை வறண்டது என்று சொல்லி ஒரு மாதம் ஒழிய முடியாது. தொடர்கதை அடுத்த இதழை வாங்கச் செய்யும். முடிந்தபின் நூலாகி மற்றொரு முறை விலைபோகும். ஒரே உழைப்பை இருமுறை பயன்கொள்ளும் இம்முறையை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். இலக்கியம் வல்லார் இத்தொகையைக் கண்டு நகைப்பதுண்டு. பத்திரிகைக் கணக்கை அறிந்தவர் நகையார். முப்பதாண்டுக்கு மேலாக ஓர் அச்சுக்கூடத்தின் வயிற்றை நிரப்புதற்கு அத்துணை வேண்டியிருந்தது.

பெண்ணொருத்தி நாவல் எழுதுதலையும், மேடையேறிப் பேசுதலையும், கதர் உடுத்தி வீதியில் இறங்குதலையும் உறவினரும் அயலாரும் பழித்தனர். கணவர் பழிக்கவில்லை, உடன் நின்றார். 1925-இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது அவரைக் கண்டபின், அம்மையார் பட்டும் நகையும் துறந்து கதர் பூண்டார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் ஈடுபட்டு 1930-களின் தொடக்கத்திற் சிறை சென்றார். ஆசிரியர் சிறையிலிருந்த காலத்தும் பத்திரிகையை நடத்தி வந்தவர் பார்த்தசாரதியே. மனைவியின் தொழிலுக்குக் காரியஸ்தராக இருத்தலை இழிவென்று கருதாத அவ்வாண்மகன் பெயரையும் நாம் மறவாதிருத்தல் நன்று.

அச்சு ஒன்றோடு அவர் நின்றாரில்லை. நல்ல குரல் உடையவர். தேசிய மேடைகளிற் பாட்டும் பேச்சுமாக அவர் பெயர் ஊர்தோறும் பரவிற்று. 1938 ஜூன் 16-ஆம் நாள் சென்னை வானொலி நிலையம் தொடங்கியபின், அதன் வழியாகவும் அவர் குரலை மக்கள் கேட்டனர். திரைப்படமும் அவரைத் தேடி வந்தது: ‘ராஜமோகன்’ 1937-இலும், ‘அனாதைப் பெண்’ 1938-இலும் அவர்தம் நாவல்களினின்று எடுக்கப்பட்டன. பின்னாளில் திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராயிருந்தார். ஏடு, மேடை, வானொலி, திரை என்னும் நான்கிடத்தும் ஒரு பெயர் வழங்குதல் இக்காலத்தில் வியப்பன்று. அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது மிக அரிது.

போர்க்காலத்தில், 1942-இல், சென்னைவாசிகள் குண்டுவீச்சிற்கு அஞ்சி ஊரைவிட்டு அகன்றனர். அம்மையார் குடும்பமும் செங்கற்பட்டுக்கு அணித்தான சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் பெயர்ந்தது. காகிதம் கிட்டாத அக்காலத்தும் பத்திரிகையை அவ்வூரிலிருந்தே நடத்தினார். காந்தியடிகள் மறைந்த 1948-இல் ‘மகாத்மாஜி சேவா சங்கம்’ நிறுவி ஏழைப் பெண்டிர்க்கு உதவி புரிந்தார்.

இனி அவர் தொழிலின் குறையையும் கூறாது விடுதல் சரித்திரத்திற்கு அழகன்று. எஸ். எஸ். வாசன் ‘ஆனந்த விகடனை’ 1928-இல் வாங்கினார். அதுவும் தளர்ந்த பத்திரிகையே. ஆனால் வாசன் கல்கி முதலிய பல எழுத்தாளரைச் சேர்த்தார்; சித்திரமும் நகைச்சுவையும் போட்டிகளும் விளம்பரமும் கூட்டினார். ஒருவர் விலகினும் பத்திரிகை நிற்கும்படி அதனை அமைத்தார். 1941-இல் கல்கி பிரிந்து தம் பெயரிலேயே வேறு பத்திரிகை கண்டபோதும் விகடன் சாயவில்லை. ஜகன்மோகினியோ பெரும்பாலும் ஒரு கையின் எழுத்தையே நம்பியிருந்தது. அக்கை எழுதும்வரை ஓடிற்று. சுவை மாறி, 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’ வழிவந்தோரின் எழுத்து மதிப்புப் பெற்றபோது, கற்றோர் அவரைப் பொருட்படுத்தாது விட்டனர். 1956-இல் ஒரே மகன் ஸ்ரீநிவாசன் இறந்தார். அதன்பின் அம்மையார்க்கு ஊக்கம் குன்றியது. பத்திரிகையை ஏற்று நடத்த அடுத்த தலைமுறை இல்லை. 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் அவரும் மறைந்தார்.

நம்மவருள் மகளிர் நடத்தும் தையற்கடையும், சிற்றுண்டித் தொழிலும், பண்ணையில் ரோஜா வளர்ப்பும் ஓசூர் வரை இன்று பெருகியுள்ளன. அவற்றுட் பல அப்பெண் ஒருத்தியின் கைத்திறனையே நம்பியுள்ளன. உரிமப் பத்திரமோ கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கின்றது. இவ்விரண்டையும் சங்கத்து மூத்தோர் சிந்திப்பாராக. ஜகன்மோகினி ஆசிரியர் பெயர் ஒவ்வோர் இதழிலும் அச்சேறியது. அதனாலன்றோ இன்று அவரைப் பற்றி எழுத நமக்கு இயலுகின்றது!

அம்மையார் மறைந்து ஆறாண்டு கழித்து, 1966-இல், கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்திற் ‘சித்தி’ என்னும் படம் வெளிவந்தது. பத்மினி நடித்த அப்படத்தை நம் வீட்டுப் பாட்டிமார் பலர் கண்டு கண்ணீர் உகுத்திருப்பர். அதன் கதை கோதைநாயகி அம்மாளின் ‘தயாநிதி’ என்னும் நாவல்.