ஆறு நாளில் ஐந்து வெற்றி

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து மலைமேல், திருச்சபையின் ஆதரவில் வளர்ந்த சிறு பல்கலைக்கழகம் செவானி. அந்நாட்டுக் காற்பந்து நம்முடையதன்று. பந்தைக் கையிலேந்தி, தடுப்போரை மோதி முன்னேறும் ஆட்டம் அது. 1899ஆம் ஆண்டு, அண்டைப் பல்கலைக்கழகமான வாண்டர்பில்ட்டுடன் நுழைவுக்கட்டணப் பங்கீட்டில் பிணக்கு மூண்டு ஆட்டம் நின்றுபோயிற்று. இழந்த வருவாயை ஈட்டவே, அணியின் மாணவ மேலாளர் லூக் லீ ஒரு நெடும்பயணத்தை வகுத்தார். புகழன்று, பணமே முதற்காரணம்!

ஏறத்தாழ 20 இளைஞர் புகைவண்டியில் 2,500 மைல் சென்று வந்தனர். நவம்பர் 9இல் டெக்சஸ் தோற்றது, மறுநாள் டெக்சஸ் ஏ அண்ட் எம், 11இல் துலேன். ஞாயிறன்று ஓய்வு. 13இல் லூசியானா, 14இல் மிசிசிப்பி. ஐந்து அணிகளும் ஒரு புள்ளியேனும் பெற்றில. இன்று எந்த ஆசிரியரும் தம் மாணாக்கரை இவ்வாறு வருத்த ஒப்பார்.

அத்தகைய அணியையும் அம்மாத இறுதியில் ஆபர்ன் நடுங்க வைத்தது. ஹைஸ்மன் பயிற்றுவித்த அவ்வணியைச் செவானி 11க்கு 10 என மயிரிழையில் வென்றது. பருவம் முழுவதும் செவானி இழந்த புள்ளிகள் அந்தப் பத்தே, ஈட்டியவை 322. பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்று தென்மாநிலங்களின் வாகையர் ஆயினர்.

1932இல் தென்கிழக்குக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவற்றுள் செவானியும் ஒன்று. அதில் ஒரு காற்பந்தாட்டத்திலும் வெல்லாமலே 1940இல் அது விலகிற்று.