ஏட்டுச் சட்டமும் ஏழையின் கூலியும்

சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்ததும் நம்மில் பலர் மகிழ்ந்து கைதட்டுகிறோம். தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஏட்டில் ஏறிய எழுத்து தானே எழுந்து நடந்து ஆலைக் கதவைத் தட்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். தட்டுவதில்லை, தோழர்களே! சட்டத்தை எடுத்துச் சென்று முதலாளியின் கணக்குப் புத்தகத்தின் முன்னே நிறுத்த ஆள் வேண்டும். அதற்கு இல்லாத பொருளை இவர்கள் கற்பிக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பார் கூச்சலிடும்போது, நீதிமன்றத்தில் எழுந்து நின்று விடை சொல்ல நா வேண்டும். அந்த நாவை நாட்கூலிக்காரன் விலை கொடுத்து வாங்க முடியுமா? முதலாளியால் முடியும், அவன் ஒருவர்க்குப் பத்துப்பேராக வழக்கறிஞர்களை வைத்துக்கொள்வான். எனவேதான் கூலிச் சட்டத்தை நிலைநாட்டும் வழக்கறிஞரை அரசாங்கமே தன் செலவில் அமர்த்தும் ஏற்பாடு தோன்றிற்று.

அத்தகைய அரசாங்க வழக்கறிஞர் ஒருவரின் வரலாற்றைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயர் பெஸ்ஸி மார்கோலின். நாடு அமெரிக்கா. அவர் வென்ற வழக்குகள் பெருமைக்கு உரியவை. அந்த வெற்றிகளின் எல்லை எது என்பதும் நாம் அறிந்துகொள்ள வேண்டியதே.

சுதந்திரம் என்ற முகமூடி

அவர் கையாண்ட சட்டம் பிறந்த கதையை முதலில் காண்போம். சிறுவரை வேலைவாங்கிச் செய்த சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பக் கூடாது என்று அமெரிக்கப் பேரவை சட்டம் செய்தது. 1918-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதனைச் செல்லாது என்று தள்ளிற்று. தலைநகர் வாஷிங்டனில் உழைக்கும் பெண்களுக்குக் குறைந்த அளவுக் கூலியை வரையறுத்த சட்டத்தையும் 1923-ல் செல்லாது என்றது. கூறிய காரணம் என்ன தெரியுமா? ஒப்பந்தச் சுதந்திரம்! முதலாளியும் தொழிலாளியும் சமமானவர்களாம். தாமே பேசி முடித்துக்கொண்ட கூலியில் அரசு தலையிடுவது அவர்களின் சுதந்திரத்தைப் பறிப்பதாகுமாம்! பசித்தவனும் படியளப்பவனும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசிய காட்சியை எவர் எங்கே கண்டனரோ, நாம் அறியோம்.

1937-ல் அந்த மன்றமே தன் போக்கை மாற்றிக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்து ஓட்டல் ஒன்றில் அறைகளைத் துப்புரவு செய்துவந்த எல்சி பாரிஷ் என்ற பெண், சட்டப்படி தனக்குச் சேரவேண்டிய கூலிப் பாக்கியைக் கேட்டுத் தொடுத்த வழக்கில், குறைந்த அளவுக் கூலிச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு, 1938 ஜூன் 25-ல், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நேர்மைத் தொழில்முறைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதற்காக இடைவிடாது பாடுபட்டவர், தொழிலாளர் துறை அமைச்சரும் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணியுமான பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். மணிக்கு 25 சென்டுக்குக் குறைந்து கூலி தரலாகாது. வாரத்துக்கு 44 மணிக்கு மேல் வேலை வாங்கினால் மிகுதி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும். பொதுவாக 16 வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் வேலைக்கு வைக்கலாகாது. இவை அச்சட்டத்தின் அடிப்படை. 1941-ல் உச்சநீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; 1918-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே குப்பையில் போட்டது.

சட்டம் செல்லும் என்றாகிவிட்டது. ஆனால் யாருக்குச் செல்லும்? எந்த மணித்துளி வேலை நேரம், எந்த மணித்துளி வேலை நேரம் அன்று? எந்தக் கடை சட்டத்துக்கு உட்பட்டது, எது விலக்குப் பெற்றது? உண்மையான போர் இங்கேதான் தொடங்கிற்று.

அநாதை இல்லத்திலிருந்து

பெஸ்ஸி மார்கோலின் 1909-ல் நியூயார்க் நகரத்துப் புரூக்லினில் பிறந்தவர். பெற்றோர் இரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தாயார் மறைந்தார், தந்தையால் பிள்ளைகளைப் பேண இயலவில்லை. நான்கு வயதில் பெஸ்ஸி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்த யூத அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார்.

அநாதைப் பிள்ளை என்றால் அரைவயிற்றுக் கஞ்சியும் அடுத்தவர் ஏச்சும் என்பதே உலகம் கண்ட வழக்கம். அந்த இல்லத்தார் வேறுவிதமாக எண்ணினர். தம் பிள்ளைகளின் கல்விக்கென்றே பள்ளி ஒன்று தொடங்கினர். அதன் தரம் உயர்ந்திருந்ததால் ஊரில் வசதி படைத்தோரும் பணம் கட்டித் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். அநாதையும் செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாடம் படித்தனர். பிறவியில் அறிவு வந்து ஒட்டிக்கொள்வதில்லை, வாய்ப்புத்தான் அதனை வளர்க்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் சொல்லும் நமக்கு, இந்த வரலாற்றில் மிக இனிக்கும் பகுதி இதுவே.

1930-ல் துலேன் பல்கலைக்கழகத்தில் சட்டப்பட்டம் பெற்றார். வகுப்பிலே அவர் ஒருவர்தாம் பெண். 1933-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். பின்னர், டென்னசி ஆற்றில் அணைகட்டி மக்களுக்கு மின்சாரம் தர அரசு அமைத்த டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தில் வழக்கறிஞரானார். தனியார் மின்சாரக் கம்பெனிகள் அந்த ஆணையத்தையே ஒழித்துக்கட்ட வழக்கு மேல் வழக்காகத் தொடுத்தபோது, அதைக் காத்துநின்ற வழக்கறிஞர் குழுவில் அவரும் ஒருவர். 1939-ல் தொழிலாளர் துறைக்கு வந்தார். 1972-ல் ஓய்வுபெறும்வரை அவர் பணி அங்கேயே. இடையே 1946-ல், நாஜிக் குற்றவாளிகளை விசாரிக்க நூரம்பர்க்கில் அமைந்த அமெரிக்க இராணுவ நீதிமன்றங்களுக்கு விதிமுறை வகுக்கும் பணிக்கு அனுப்பப்பட்டு, அதை முடித்துத் திரும்பினார்.

உச்சநீதிமன்றத்தில் அவர் முதலில் வாதாடியது 1945-ல். 40-க்கு மேற்பட்ட மளிகைக் கடைகளை நடத்திய கம்பெனி ஒன்று, சில்லறைக் கடைகளுக்குச் சட்டம் தந்த விலக்கைக் காட்டித் தன் பெரும் கிடங்கிலும் தலைமை அலுவலகத்திலும் உழைத்தோருக்கும் மிகுதிநேரக் கூலி தர மறுத்தது. தெருமுனைக் கடைக்காரனுக்குத் தந்த சலுகையில் திமிங்கிலம் நுழையப் பார்த்தது! கிடங்கு வேறு, கடை வேறு என்று வாதாடி வென்றார் அம்மையார். அன்று மேடையில் அமர்ந்திருந்த ஒன்பது நீதிபதிகளும் ஆண்கள். அந்த மேடையில் ஒரு பெண் அமர 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குளிக்கும் நேரம் யாருடையது?

1956-ல் வந்த வழக்கு ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். டென்னசி மாநிலத்தில் பாட்டரி செய்யும் தொழிற்சாலை. உள்ளே ஈயத் தூசியும் ஆவியும். கந்தக அமிலம் வேறு. ஈயம் உடலிலே சேரும் நஞ்சு. உடையிலே படிந்து வீட்டுக்குப் போனால் பெண்டுபிள்ளைகளையும் பற்றும். அமிலமோ துணியைத் தின்றுவிடும். ஆகவே தொழிலாளர் உள்ளே போகும்போது பழைய உடைக்கு மாறுவர். வேலை முடிந்ததும் குளித்துத் தம் உடை அணிந்து வெளியேறுவர். இதற்கு நாள்தோறும் ஏறத்தாழ அரைமணி நேரம். கூலி? காலணாக்கூட இல்லை! உடுத்துவதும் குளிப்பதும் அவரவர் சொந்தக் காரியம் என்றது முதலாளி தரப்பு.

அவர்களுக்குத் துணையாகச் சட்டமும் இருந்தது. வேலைக்கு முன்னும் பின்னும் செய்யும் சில காரியங்களுக்குக் கூலி தரவேண்டியதில்லை என்று 1947-ல் பேரவை திருத்தம் செய்திருந்தது. அத்திருத்தத்தை அம்மையார் அழித்துவிட முடியாது. அதன் எல்லையைத்தான் காட்ட முடியும். காட்டினார். அலுவலகத்துக் கணக்கர் வீட்டில் குளிப்பதும், ஈயத்தில் புரண்டு எழுந்தவன் ஆலையில் குளிப்பதும் ஒன்றாகுமா? நஞ்சைக் கழுவாமல் அந்தத் தொழிலையே நடத்த முடியாது என்றால், கழுவும் நேரமும் தொழிலின் பகுதியே. உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதன்மை வேலையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த, தவிர்க்க இயலாத காரியம் எதுவும் வேலையே என்ற விதி நிலைபெற்றது. இறைச்சிக் கூடத்துத் தொழிலாளர் கத்தி தீட்டும் நேரமும் வேலை நேரமே என்று அதே நாளில் மற்றொரு தீர்ப்பும் வந்தது.

1960-ல் இன்னொன்று. நகைத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்த மூவர், தம் கூலிப் பாக்கிக்காக அரசின் துணையை நாடினர். மூவரையும் வேலையிலிருந்து விலக்கினான் முதலாளி. மீண்டும் வேலை தரச் சொல்லலாம், இடையிலே இழந்த கூலியைத் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது எதிர்வாதம். அதுவும் தோற்றது. புகார் சொன்னால் பட்டினி என்றால் எவன் வாய் திறப்பான்? தொழிலாளி வாய் திறவாவிட்டால் சட்டம் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

இருபத்தொன்றரை சென்ட்

ஒத்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த கூலி என்ற சட்டம் 1963-ல் வந்தது. அதைச் செயற்படுத்தும் வழக்குகளும் அக்காலத்தில் தொழிலாளர் துறையின் பொறுப்பாயின. நியூ ஜெர்சி மாநிலத்து மில்வில் ஊரில் வீட்டன் கண்ணாடிக் கம்பெனி. அங்கே நகரும் பட்டையில் வரும் புட்டிகளைச் சோதித்து, பழுதானவற்றைக் கழித்து, நல்லவற்றை அட்டைப் பெட்டியில் அடுக்குவது வேலை. ஆணுக்கு மணிக்கு 2 டாலர் 35½ சென்ட். அருகே நின்று அதே புட்டியைப் பார்க்கும் பெண்ணுக்கு 2 டாலர் 14 சென்ட். ஏன் இந்த 21½ சென்ட் வேற்றுமை? ஆண்கள் இடையிடையே பெட்டி தூக்குவர், சரக்கு நகர்த்துவர் என்றது கம்பெனி. முதல் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

மேல்முறையீட்டில் அம்மையாரின் தரப்புக்கு ஓர் எளிய கணக்கே பெருந்துணை ஆயிற்று. பெட்டி தூக்குவதையும் நகர்த்துவதையுமே முழுநேர வேலையாகச் செய்த எடுபிடி ஆட்களும் அந்த ஆலையிலே இருந்தனர். அவர்களுக்கு மணிக்கு 2 டாலர் 16 சென்ட்! பெண்ணைவிட 2 சென்ட் மட்டுமே மிகுதி. அந்த வேலையைச் சிறிது நேரம் செய்பவனுக்கு மட்டும் 21½ சென்ட் மிகுதி எங்கிருந்து வந்தது? ஆண் என்ற காரணத்தைத் தவிர வேறென்ன? 1970 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: இரு வேலைகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருக்கவேண்டியதில்லை, சாரத்தில் சமமாயிருந்தால் போதும், பெண்ணென்று தனிப் பெயர் சூட்டிக் கூலியைக் குறைக்கலாகாது. ஒன்பது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பாக்கித் தொகை அப்பெண்களுக்குத் தரப்பட்டது.

அவருக்குக் கிடைக்காதது

உச்சநீதிமன்றத்தில் 24 வழக்குகளில் வாதாடி 21-ல் வென்றவர் அவர். ஆறு குடியரசுத் தலைவர்கள் மாறினர், ஆளுங்கட்சி மாறிற்று, அவர் மேசை மாறவில்லை. ஆயினும் அந்த வழக்குகளின் தலைப்பில் அவர் பெயர் இராது. வாலிங், மிட்சல், விர்ட்ஸ், ஷூல்ட்ஸ் என்று அந்தந்தக் காலத்து அதிகாரியின், அமைச்சரின் பெயரே விளங்கும். நீதிபதி பதவியை நாடினார், கிட்டவில்லை. பெண்ணின் கூலிக்காக வாதாடியவரே பெண்ணாகப் பிறந்ததன் விலையைச் செலுத்தினார். பெண்களுக்கான தேசிய அமைப்பை 1966-ல் நிறுவியோருள் அவரும் ஒருவர் ஆனதில் வியப்பென்ன? 1972-ல் அவர் ஓய்வுபெற்ற விருந்துக்குத் தலைமை நீதிபதியாய் இருந்த எர்ல் வாரன் வந்து பாராட்டினார். 1996-ல் அம்மையார் மறைந்தார்.

இறுதியாக ஒன்று. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வயலில் உழைப்போரையும் வீட்டுவேலை செய்வோரையும் தன் காப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. தென்மாநிலங்களில் அவ்விரு வேலைகளிலும் அல்லலுற்றவர்களுள் மிகப் பலர் கறுப்பின மக்கள். அவர்களுக்காக எத்துணை வல்ல வழக்கறிஞரும் எழுந்து வாதாட முடியாது. ஏனெனில் ஏட்டிலேயே அவர்கள் இல்லை. வயல் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்கு 1966-லும், வீட்டு வேலைக்காரருக்கு 1974-லும்தான் குறைந்த அளவுக் கூலி உரிமை வந்தது. அதைக் கொண்டுவந்தது வழக்கு மன்றம் அன்று; மக்கள் மன்றம்.

நாம் கொள்ளவேண்டிய பாடம் இதுதான். ஏட்டில் இல்லாத உரிமையை எழுதவைப்பது கிளர்ச்சி. எழுதிய உரிமையைக் கூலிக்காரன் கைக்குக் கொண்டுசேர்ப்பது சட்டம் கற்ற அறிவு. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிடின் ஏழைக்குப் பயன் இல்லை. மேடையேறி முழங்கும் இளைஞர்கள் நம்மிடையே மிகுதி. அவர்களிலே சிலராவது சட்டம் பயின்று, அரசாங்க மேசையில் அமர்ந்து, பெயர் வெளிவராத அந்தப் பணியை ஏற்க முன்வரட்டும்!