வணிக உறவும் தோட்டத் தமிழரும்: நெகிரி செம்பிலானை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இரு நாடுகளுக்கிடையே நிகழும் வணிகத்தாலும் முதலீட்டாலும் விளையும் நன்மைகளைப் பேசுவோர் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குகளையே சான்றாகக் காட்டுவது வழக்கம். இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் உள்ள உறவும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டு வருகிறது. ஆயின், இவ்வுறவு புதுக்காலத்தில் வேரூன்றியபோது கடல் கடந்த முதன்மைச் சரக்கு மனித உழைப்பே. அவ்வுழைப்பை ஈந்தவர்க்கு அதன் பயன் எப்போது, எவ்வழியில் கிட்டியது என்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலும் உழைப்பும்

1891ஆம் ஆண்டு சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை சிரம்பானைப் போர்ட்டிக்சன் துறைமுகத்தோடு இணைத்தது. காப்பி பயிரிட்ட தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு மாறின. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு முதலிய பகுதிகளில் காடழித்துப் பால்மரம் நட்டனர். இதற்கான பெருமுதல் இங்கிலாந்திலிருந்து வந்தது; உழைப்பு திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியோர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, கங்காணிகளின் பின்னே தோட்டங்களை அடைந்தனர்.

தமிழகத்திலிருந்து உழைப்போடு முதலும் வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சிறுதோட்டக்காரர்க்கும் வணிகர்க்கும் கடன் வழங்கினர். அவர்களது முதல் பர்மாவில் நெல் விளைச்சலைப் பெருக்கியது; அப்பர்மா அரிசி மலாயாத் தோட்ட மக்களின் உணவாயிற்று. எனினும் இம்முதலீடு எல்லார்க்கும் ஒருபடித்தான நன்மையைத் தரவில்லை. அடகு வைத்த நிலம் கடன்காரர் கைக்குப் போகும் என்ற அச்சம் மலாய்க்காரரிடையே எழுந்தது. நெகிரி செம்பிலானில் மரபுரிமை நிலங்களைக் காக்க 1909இல் தனிச் சட்டம் பிறந்தது; 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. முதலீட்டுக்கு வரம்பு கட்டும் தேவையை அக்கால அரசே உணர்ந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

சட்டம் தந்த பயன்

தோட்டத் தொழிலாளர் பெற்ற நன்மைகளை நிரல்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. அவை ரப்பரின் விலையேற்றத்தால் தாமாக வந்தவை அல்ல. நிபந்தனையாக எழுதப்பட்டதால் வந்தவை. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு, இந்தியத் தொழிலாளரை வேலைக்கமர்த்திய எல்லா முதலாளிகளும் வரி செலுத்த வேண்டியதாயிற்று. கப்பற்கட்டணம் தொழிலாளியின் தலைக்கடனாக அமைந்த நிலை இதனால் மாறத் தொடங்கியது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இந்திய அரசுக்குப் பேரம் பேசும் வலிமையைத் தந்தது. இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிற்சட்டம் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மேல் சுமத்தியது. அப்பள்ளிகளுட் பல கொட்டகைகளே. கிராணியோ கங்காணியோ ஆசிரியராக இருந்த இடங்களும் உண்டு. ஆயினும் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றுவாய், இரு அரசுகள் உழைப்பைக் குறித்து நடத்திய பேரத்தில் உள்ளது என்பது ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஊதியமும் அவ்வாறே பேரத்திற்குரியதாயிற்று. ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு என்ற அளவு, 1930களின் பொருளாதார மந்தத்தில் வீழ்ந்தது. 1936ஆம் ஆண்டிறுதியில் மலாயா வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரி பழைய ஊதியத்தை மீட்டளிக்கப் பரிந்துரைத்தார். 1937இல் அது மீண்டது. மறு ஆண்டே மீண்டும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு 1938 ஜூன் 15ஆம் நாள் முதல் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. உழைப்பை ஏற்றுமதி செய்த நாடு, விலை தகாதெனக் கண்டு கதவை அடைத்த நிகழ்ச்சி இது.

தொழிலாளர் முதலீட்டாளராதல்

1950களில் வெளிநாட்டு உடைமையாளர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். அவ்வாறு துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையும் லயமும் ஒருசேரப் பறிபோயின. இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் சீவியவர் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டத்தின் உடைமையாளராயினர். கடல் கடந்து வந்த உழைப்பு இந்நாட்டில் தானே முதலாக மாறிய தருணம் அதுவே.

இன்றைய நிலை

மலேசிய இந்திய விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2011 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. இருநாட்டு வணிகத்தை இந்திய ரூபாயிலும் தீர்த்துக்கொள்ளலாம் என 2023இல் அறிவிக்கப்பட்டது. மலேசியச் செம்பனை எண்ணெயைப் பேரளவில் வாங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சிரம்பான் முதல் கிம்மாஸ் வரையிலான மின்மய இரட்டை இருப்புப்பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்க்கோன் அமைத்து 2013இல் முடித்தது. தமிழ்த் தொழிலாளர் உழைத்த மாநிலத்திலேயே இந்தியப் பொறியியல் திறன் பயன்பட்டது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் அதே மாநிலத்தின் தோட்டங்களிற் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. பெயரில் 'தோட்டம்' என்னும் சொல்லை மட்டும் தாங்கி, மாணவர் குறைந்து நிற்கும் பள்ளிகளை நாம் அறிவோம். குடியேற்ற நிதியின் வழிவந்த தென்னிந்தியத் தொழிலாளர் நிதியும் 1999இல் கலைக்கப்பட்டது.

முடிவுரை

இரு நாட்டு உறவு இருதரப்புக்கும் நன்மை தந்தது என்பதை வரலாறு மறுக்கவில்லை. எனினும் அந்நன்மை உழைத்தவரைச் சென்றடைந்தது, பள்ளி, ஊதியம், பயணச்செலவு என அவர் பெயரால் நிபந்தனை எழுதப்பட்ட இடங்களிலும், அவர் தாமே பங்குதாரரான இடத்திலும் மட்டுமே எனக் கூறலாம். புதிய ஒப்பந்தங்களையும் இவ்வளவுகோல் கொண்டே நாம் மதிப்பிட வேண்டும். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் தத்தம் பள்ளி தோன்றிய ஆண்டையும், அதனை அமைக்கச் செய்த சட்டத்தையும் மாணவர்க்கு எடுத்துரைப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும்.