மூன்றே முக்கால் டாலர் கிதார்

பழைய மலிவு கிதார்களைத் தேடி அலைகிறவர்களின் பேச்சு எனக்குப் பிடிக்கும். ‘ஸ்டெல்லா’ என்று சொன்னாலே அவர்கள் குரல் குழைந்துவிடும். நியூஜெர்சியில் ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனம் செய்த கிதார் அது. பெரும்பாலும் பிர்ச் மரம். மேற்பலகைக்கு உள்ளே தாங்குகட்டைகளை ஏணிப்படிபோலக் குறுக்கே ஒட்டியிருப்பார்கள், சீக்கிரம் செய்துமுடிக்கலாம். அதனாலேயே ஒலி வறண்டு, சட்டென எழுந்து சட்டென அடங்கும். அன்று குறையாக இருந்த அதுதான் இன்று ‘அசல் புளூஸ் ஒலி’ என்று தேடப்படுகிறது.

எனக்கு இடறுவது ‘மலிவு’ என்ற சொல். யாருக்கு?

எலிசபெத் காட்டன் 1890களில் வட கரோலினாவில், சேப்பல் ஹில் பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண். அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அவனுடைய பாஞ்சோவை எடுத்து வாசித்துப் பழகினார். அவன் ஊரைவிட்டுப் போனபோது பாஞ்சோவும் போயிற்று. சிறுமி பள்ளியை நிறுத்திவிட்டு வெள்ளையர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தொடக்கத்தில் மாதக் கூலி 75 சென்ட். சேர்த்த பணத்தில் வாங்கிய ஸ்டெல்லாவின் விலை 3.75 டாலர். ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் ஐந்து மாதம் பாத்திரம் கழுவியிருந்தால்தான் அந்த ‘மலிவு’ கிதார் கைக்கு வரும். மரம் என்ன, வருடம் என்ன என்று துல்லியமாகக் குறித்துவைக்கும் சேகரிப்பாளர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், கிதாரோ வலக்கைக்காரர்களுக்கானது. தந்திகளை மாற்றாமல் தலைகீழாகப் பிடித்தார். எல்லோரும் கட்டைவிரலால் அடிச்சுரம் மீட்ட, அவர் கட்டைவிரலால் மெட்டை வாசித்தார். பதின்வயதில் ‘ஃபிரைட் டிரெய்ன்’ பாட்டைக் கட்டினார். பிறகு கல்யாணம், குழந்தை. உலகப் பாட்டு வேண்டாம் என்றது தேவாலயம். கிதார் பல பத்தாண்டுகள் மூலையில் கிடந்தது.

வாஷிங்டனில் சீகர் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக் கிதாரை எடுத்து மறுபடி வாசித்தார். அவ்வீட்டு மகள் பெகி சீகரோடு பாட்டு இங்கிலாந்து போனது. அங்கே இரண்டு ஆண்கள் அதைத் தாங்கள் எழுதியதாகப் பதிவு செய்துகொண்டார்கள்; 1957இல் அது பெரிய வெற்றி. எழுதியவரின் பெயரை அதில் சேர்க்கப் போராட வேண்டியிருந்தது. காட்டனின் முதல் இசைத்தட்டு 1958இல்தான் வந்தது. அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, வீட்டுவேலையையும் விட்டிருக்கவில்லை.

பிற்பாடு பாட்டால் வந்த வருமானத்தில் சிராக்கியூஸ் நகரில் ஒரு வீடு வாங்கினார். கிராமி விருது 1985இல் வந்தது.