‘ஒழித்தல்’ எனும் சொல்: அம்பேத்கர் உரையின் தமிழ்த் தலைப்பு

முன்னுரை

கொள்கை அறிக்கையொன்று மொழிபெயர்க்கப்படும்போது அதன் தலைப்பே முதல் விளக்கவுரையாக அமைகிறது. அம்பேத்கர் 1936இல் பம்பாயில் வெளியிட்ட ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’ என்னும் ஆங்கில உரை, பெரியாரின் ‘குடி அரசு’ வழியாக ‘ஜாதியை ஒழிக்க வழி’ எனத் தமிழில் வழங்கியது. இத்தலைப்பின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லால் தடைப்பட்ட உரை

இது லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டலின் மாநாட்டிற்காக எழுதப்பெற்ற தலைமையுரையாகும். 1936 ஏப்ரலில் அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்க வேண்டினர். ‘வேதம்’ என்னும் சொல்லும் அவர்களது மறுப்பிற்கு உள்ளாயிற்று. அம்பேத்கர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை. மாநாடு நடைபெறவில்லை. அவர் தம் செலவில் அச்சிட்ட 1500 படிகளும் இரு திங்களில் தீர்ந்தன. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நூல் குஜராத்தியிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டுவிட்டதை அவர் குறிப்பிடுகிறார். மராத்தி மொழிபெயர்ப்பு அப்போது முடிவுறாதிருந்தமை நோக்கத்தக்கது.

அழித்தலும் ஒழித்தலும்

ஆங்கிலத் தலைப்பிற்கு நேர்ச்சொல் தேடின் ‘அழிப்பு’, ‘நிர்மூலம்’ என்பன கிடைக்கும். இவை புறப்பொருளைத் தகர்ப்பதைச் சுட்டுவன. ‘ஒழித்தல்’ என்பதோ அழித்தலையும் கைவிடுதலையும் ஒருங்கே குறிக்கும். உலகம் பழிப்பதை விட்டுவிடுதல் என்னும் பொருளில் வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார். சாதி செங்கற்சுவர் அன்று, மனநிலையே என்பது அம்பேத்கரின் வாதம். மனநிலையை இடித்தல் இயலாது; அதனைக் கொண்டவனே விடுதல் வேண்டும். 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததும் இவ்வகை ஒழித்தலே எனலாம்.

‘வழி’ என்னும் சொல் மூலத்தலைப்பில் இல்லை. ஆயினும் சாத்திரங்களின் புனிதத்தில் கொண்ட நம்பிக்கையைத் தகர்ப்பதே உண்மைத் தீர்வென நூல் வழிகாட்டுதலின், அச்சொல் உள்ளடக்கத்தினின்று பெறப்பட்டதேயாகும். மூலத்தின் கடுமை இதனால் சற்றுத் தணிந்தது, செயல்நோக்கம் மிகுந்தது.

முடிவுரை

அம்பேத்கரின் இல்லமான ராஜகிருகம் மாதுங்காவை அடுத்த தாதரில் உள்ளது. அண்மையில் உள்ள தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் நெல்லைச்சீமைத் தமிழர் பலர் உழைத்தனர். அண்டையில் எழுதப்பட்ட ஆங்கில உரை, ஈரோட்டினின்று புறப்பட்ட தமிழாலேயே அவர்தம் தாய்மொழிக்குரியதாயிற்று. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் சென்று அம்பேத்கரைச் சந்தித்தார். அச்சந்திப்பிற்கு முன்னரே இருவர்தம் கருத்தும் ‘ஒழிக்க’ என்னும் ஒரு சொல்லில் சந்தித்துவிட்டமையை இத்தலைப்பு புலப்படுத்துகிறது.