தியத்தலாவை முள்வேலிக்குள் ஒரு யூதர்

அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கும் தியத்தலாவையை இன்று இராணுவப் பயிற்சி நகரமாகத்தான் பலருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அது கைதிகளின் ஊர். 1900இல் போயர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரைப் பிரித்தானியர் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். முதல் உலகப் போர் வந்தபோது இலங்கையில் இருந்த ஜேர்மானியரை அடைத்தார்கள். 1939இல் மறுபடியும் ஜேர்மானியர்.

இந்தக் கடைசித் தொகுதியில் காவியுடுத்த துறவி ஒருவர் இருந்தார். பெயர் ஞானபோனிக்க தேரர். 1901இல் ஜேர்மனியின் ஹனாவ் நகரில், யூதப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர்தான் அவர்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களை அரச உத்தியோகங்களிலிருந்து விரட்டினார்கள். 1935 செப்டெம்பரில் வந்த நூரம்பேர்க் சட்டங்கள் அவர்களுடைய பிரஜாவுரிமையைப் பறித்தன. யூதரல்லாதவரை மணப்பதையும் குற்றமாக்கின. தாத்தா பாட்டியரை எண்ணிப் பார்த்து யார் யூதர் என்று தீர்மானிக்கும் விதியும் அதே ஆண்டில் வந்தது. அறுபது இலட்சம் பேரைக் கொன்றொழித்த வேலை இப்படிக் காகிதத்தில்தான் தொடங்கியது.

ஃபெனிகர் தாயை வியன்னாவில் உறவினரிடம் விட்டுவிட்டு 1936இல் இலங்கை வந்து, தொடந்துவைத் தீவு ஆசிரமத்தில் துறவு பூண்டார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள்ளும் நுழைந்தது. மறு ஆண்டில் தாயையும் சில உறவினரையும் இலங்கைக்கு வரவழைத்துவிட்டார். தாய்க்குக் கொழும்பில் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா புகலிடம் தந்தார். அந்த உதவியின் பெறுமதி பின்னர்தான் முழுதாகத் தெரிந்தது: ஒஸ்திரியாவின் யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள், ஹனாவில் எஞ்சியிருந்தவர்களை 1942இல் ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள்.

மகனுக்கோ முள்வேலி. யூதர் என்று ஜேர்மனி தள்ளிவைத்தவரை, ஜேர்மானியர் என்று பிரித்தானியர் பிடித்து அடைத்தார்கள். வெளிநாடுகளில் வாழும் யூதர்கள் இனி ஜேர்மன் நாட்டவரே அல்லர் என்று 1941 நவம்பரில் நாஜி அரசு ஆணை பிறப்பித்தது. அப்படியும் அவர் விடுதலையாகவில்லை. தியத்தலாவையிலிருந்து இந்தியாவின் டேராடூன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாம் வாழ்க்கையிலும் பாளி நூல்களை ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்தபடியே இருந்தார். வெளியே வந்தது 1946இல். 1951இல் அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது.

கிடைக்க வேண்டியதுதான். ஆனால் தியத்தலாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அந்த ஆண்டு நிலைமை என்ன? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவர்களாகியிருந்தார்கள். தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது அந்தச் சட்டம். லயத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

ஐரோப்பாவில் நடந்த இனப்படுகொலையோடு இதைச் சமமாக வைப்பது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனாலும் சட்டப் புத்தகத்தைக் கொண்டு ஒரு சமூகத்தையே நாட்டுக்கு வெளியே நிறுத்தும் வித்தை ஊவாவின் தோட்ட மக்கள் அனுபவித்து அறிந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. இங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.